சர்வகலாசாலையில் பாதி ஐரோப்பா

நமது சர்வகலாசாலைகளில் "பொது நிர்வாகம்" என்பதாக ஒரு படிப்பு உண்டு. தலைமைக் காரியாலயம் முதல் தாலூகா கச்சேரி வரையில் சர்க்கார் எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பதே அதன் வேலை. சென்னை சர்வகலாசாலை 1937லேயே இதற்கு ஒரு டிப்ளமா ஏற்படுத்திவிட்டது. இன்று கலெக்டர் உத்தியோகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் இதையே விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள். இந்தப் படிப்பில் ஒரு பகுதிக்கு "ஒப்பியல் நிர்வாகம்" என்று பெயர். பல தேசத்து ஆட்சி முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது என்று அதற்கு அர்த்தம் சொல்லுகிறார்கள். பல தேசம் என்று பேர் சொன்னாலும், தராசில் படிக்கல்லாக வைத்திருப்பது ஐரோப்பாவைத்தான் என்பது பாடப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

ஐரோப்பாவைப் படிக்கக் கூடாது என்பது நம்முடைய கட்சியல்ல. அறிவு எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றே நாம் சொல்லி வந்திருக்கின்றோம். நம்முடைய ஆக்ஷேபணையெல்லாம், முழு ஐரோப்பாவையும் படிக்காமல் பாதி ஐரோப்பாவை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதுவே ஐரோப்பா என்று பிள்ளைகளிடம் சாதிப்பதைப் பற்றியதுதான். பரீட்சை வைத்து ஆள் பொறுக்கிய ஐரோப்பாவைச் சொல்லுகிறார்கள். ஜனங்களுக்குப் பங்கு பிரித்து ஆள் எடுத்த ஐரோப்பாவைச் சொல்லுவதில்லை. இந்த மறைப்பினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

நஷ்டம் யாருக்கென்றால், ஒரு குக்கிராமத்திலிருந்து தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசற்படி மிதித்து வருகிறானே அந்தப் பிள்ளைக்கு. வருகிறாளே அந்தப் பெண்ணுக்கு. "மேனாட்டில் உத்தியோகம் என்பது திறமைக்கு மாத்திரமே, இங்குதான் ஜாதி பார்த்துக் கொடுக்கிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டு, தான் ஏதோ பின் கதவு வழியாக நுழைந்தவன்போல அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறான். தலை குனிய வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பதற்குச் சாக்ஷி அந்த ஐரோப்பாவிலேயே ஏராளமாகக் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் பாடத் திட்டத்தையே பார்ப்போம். யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பொது நிர்வாகப் பாடத்துக்குப் போட்டிருக்கும் முதல் தாளில் "நிர்வாகச் சிந்தனை" என்ற தலைப்பின் கீழ் வருகிற பெயர்கள் வெபர், பாலெட், மேயோ, பர்னார்டு, சைமன், லைக்கர்ட், ஆர்கிரிஸ், மக்ரெகர் என்று வரிசையாக மேனாட்டாருடையவைதான். இவர்களில் தலைமை ஸ்தானம் ஜர்மானியரான மாக்ஸ் வெபருக்கு. அவர் 1920இல் இறந்தார். விதிப்படி நடப்பது, எழுத்து மூலம் நடப்பது, மேலதிகாரி கீழதிகாரி என்று படிப்படியாக இருப்பது, பரீட்சை பாஸ் செய்தவனை உத்தியோகத்தில் வைப்பது, இவையெல்லாம் சேர்ந்ததே நவீன நிர்வாகம் என்பதாக அவர் சொன்னார் என்று படிக்கிறார்கள். சொன்னது உண்மையே. ஆனால் அதே வெபர், பரீட்சையும் பட்டமும் வேண்டுமென்று கிளம்பும் கூச்சலுக்குக் காரணம் படிப்பின்மேல் ஏற்பட்ட ஆசையல்ல, உத்தியோகங்களுக்குப் போட்டி போடுகிறவர்களின் தொகையைக் குறைத்து, பட்டம் உடையவர்களே அவற்றை ஏகபோகமாக அனுபவிக்க வேண்டும் என்ற ஆசைதான் என்றும் எழுதி வைத்திருக்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் வாத்தியார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாம் கேட்கின்றோம்.

நிற்க, "திறமைக்கே உத்தியோகம்" என்பதற்கு ஆதி வேதமாகக் காட்டப்படுவது இங்கிலாந்தில் 1854இல் வெளியான நார்த்கோட்-டிரெவிலியன் அறிக்கை. அதுவரையில் அங்கே உத்தியோகம் பிரபுக்களின் சிபாரிசினால் கிடைத்து வந்ததென்றும், அந்த அறிக்கையால் அந்தச் சிபாரிசு ஒழிந்து பரீட்சை வந்ததென்றும் புஸ்தகங்களில் காணலாம். இதுவும் உண்மையே. ஆனால் அந்தச் சீர்திருத்தத்திற்குப் பெரிய ஆதரவாயிருந்த கிளாட்ஸ்டன் அதே 1854இல் தம் சகாவான ஜான் ரஸ்ஸல் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், பொதுப் பரீட்சை வைப்பதனால் மேல் வகுப்பாருக்கும் ஆட்சி அதிகாரத்திற்கும் உள்ள பந்தம் பலப்படுமே தவிரக் குறையாது என்று பயப்படுபவர்களுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார். மேல் வகுப்பார் வீட்டுப் பிள்ளைகளே ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போகிறார்கள்; பரீட்சையோ அங்கே சொல்லிக் கொடுக்கும் பாடத்தில்தான்; அப்படியிருக்க, பயம் எதற்கு என்பதுதான் அதன் தாத்பரியம். பிரபுவின் சிபாரிசுக் கடிதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிரபு வீட்டுப் படிப்பை வைத்தார்கள்.

அதே 1854இல் மெக்காலே கமிட்டி இந்திய சிவில் சர்வீசுக்கு மார்க்குப் பட்டியல் ஒன்று போட்டது. கிரீக்குக்கு 750, லத்தீனுக்கு 750, கணிதத்துக்கு 1000, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு வைத்த அந்த நுழைவுப் பரீட்சையில் இந்திய ஜனங்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற பாஷைகளுக்கு ஒரு மார்க்குகூட இல்லை. செத்துப்போன கிரீக்கும், கோயிலுக்குள் அடைபட்ட சமஸ்கிருதமும் திறமையாம். கோடிக்கணக்கான ஜனங்களோடு பேசத் தெரிவது திறமையில் சேராதாம்! பரீட்சையும் லண்டனில்தான். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். 1878இல் வயது உச்சவரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்து, இங்கிருந்து போய் எழுதுவதை இன்னும் கஷ்டமாக்கினார்கள். இந்தியாவிலும் பரீட்சை வைக்க 1922 வரையில் அவர்களுக்கு மனம் வரவில்லை. கேட்டால், எல்லாருக்கும் ஒரே கேள்வித் தாள்தானே என்பார்கள். கப்பல் சத்தம் கொடுக்கக் கூடியவனுக்கும் கொடுக்க முடியாதவனுக்கும் ஒரே கேள்வித் தாள்!

வெள்ளைக்காரன் அங்கே செய்த காரியத்தையே இங்கே நம்மவர்கள் சின்ன அளவில் செய்து கொண்டார்கள். 1913இல் சென்னை ராஜதானியில் நிரந்தர ஜில்லா முனிசீப்புகள் 128 பேர் இருந்ததில் 93 பேர் பார்ப்பனர் என்று 1916இல் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை கணக்குக் காட்டிற்று. ராஜதானியின் ஜனத்தொகையில் நூற்றுக்கு 3 பேர்போல் இருந்தவர்களுக்கு முனிசீப்பு நாற்காலியில் நாலில் மூன்று பாகம் போல் போய்ச் சேர்ந்தது. இதற்கும் "திறமை" என்றே பெயரிட்டார்கள். கிளாட்ஸ்டன் கடிதத்தையும் இந்த முனிசீப்புக் கணக்கையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக் கொடுப்பதல்லவா ஒப்பியல் படிப்பு?

இங்கிலாந்து உத்தியோகஸ்தர்கள் எந்த வகுப்பிலிருந்து வந்தார்கள் என்பதை ஆராய்ந்து, அமெரிக்கரான கிங்ஸ்லி என்பவர் 1944இல் "பிரதிநிதித்துவ நிர்வாகம்" என்ற பொருள்பட ஒரு புஸ்தகமே எழுதியிருக்கிறார். ஜனங்களைப் போல நிர்வாகமும் இருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு மேனாட்டுப் பண்டிதர் உலகத்தில் ஒரு பெயர் ஏற்பட்டது அதிலிருந்துதான். மேலே நாம் சொன்ன பெயர் வரிசையில் கிங்ஸ்லியைத் தேடிப் பாருங்கள், காண மாட்டீர்கள்.

இனி பிரஞ்சு தேசத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றுதான் பார்க்க வேண்டும். ஏனென்றால், கலெக்டர்களைத் தயார் செய்யும் பள்ளிக்கூடத்துக்கு உலகமெல்லாம் மாதிரியாகக் காட்டி வந்தது அந்தத் தேசத்தைத்தான்.

1872இல் எமில் புத்மி என்பவர் பாரிசில் ராஜீய சாஸ்திரத்துக்கென்று ஒரு தனியார் கல்விச்சாலை வைத்தார். சம்பளம் கட்டிப் படிக்கக்கூடிய பணக்கார வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அதில் சேர்ந்தார்கள். பெரிய உத்தியோகங்களில் பெரும்பான்மையும் சுமார் 70 வருஷ காலம் அந்த ஒரே கல்விச்சாலைக்காரர்கள் கையில் இருந்தது. 1940இல் ஜர்மானியர் படையெடுத்து வந்தபோது அந்த உத்தியோக வர்க்கம் இருந்த இருப்பையும், பிறகு விஷி சர்க்காருக்குக் கைகட்டிச் சேவகம் செய்ததையும் ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆகவே யுத்தம் முடிந்த கையோடு 1945 அக்டோபரில் டிகால் சர்க்கார் "ஏனா" என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசீய நிர்வாகப் பள்ளியை ஏற்படுத்திற்று. அதன் திட்டத்தை வகுத்தவர் மிஷேல் டெப்ரே. அடுத்த மாதம் டிகால் சர்க்காரில் கம்யூனிஸ்டுத் தலைவர் தொரேசும் மந்திரியானார். இனிமேல் பரீட்சையில் தேறும் ஏழையின் மகனும் மந்திரிக் காரியாலயத்தில் உட்காரலாம் என்பது வாக்குறுதி. காலேஜிலிருந்து வருபவனுக்கு ஒரு பரீட்சை, ஏற்கனவே சிறு உத்தியோகத்தில் இருந்து முன்னுக்கு வருபவனுக்கு வேறொரு பரீட்சை என்று இரண்டு வாசல் வைத்தார்கள். எண்ணம் நல்லதென்பதில் சந்தேகமில்லை.

நடந்ததோ வேறு. எழுத்துப் பரீட்சையில் தேறினவனைப் பண்டிதர் கூட்டத்தின் முன் நிறுத்தி வாய்ப் பரீட்சை வைத்தார்கள். அதில் விஷய ஞானத்தோடு, நிற்கிற நிலை, பேசுகிற தோரணை, சிரிக்கிற சிரிப்பு எல்லாமே எடை போடப்பட்டன. பாரிசில் நல்ல தெருவில் பிறந்து, தகப்பனோடு சாப்பாட்டு மேஜையில் ராஜீய சமாசாரம் பேசி வளர்ந்தவனுக்கு இது விளையாட்டு. பட்டறைக்காரன் மகனுக்கு இதெல்லாம் எந்தப் புஸ்தகத்தில் கிடைக்கும்? படிப்பு முடிந்ததும் எல்லாரையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தினார்கள். முதல் சில பேர் ராஜ்ய ஆலோசனைச் சபை, கணக்குக் கோர்ட்டு, நிதிப் பரிசோதனை இலாகா ஆகிய பெரிய மடங்களுக்குப் போய் ஆயுள் முழுவதும் அந்த மடத்தின் பேராலேயே வாழ்ந்தார்கள். 26 வயதில் வாங்கின ஒரு ரேங்கு, 60 வயது வரையில் சோறு போட்டது! மடம் என்று நாம் சொல்வது தற்செயலல்ல. பீடம், பட்டம், சிஷ்ய பரம்பரை எல்லாம் அங்கேயும் உண்டு. ஜிஸ்கார்டு, ஷிராக், ஒல்லாந்து, மாக்ரோன் ஆகிய நான்கு குடியரசுத் தலைவர்கள் இந்த ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

இந்தப் புரட்டை உடைத்து எழுதியவர் பியர் பூர்தியே. தெற்குப் பிரஞ்சுக் கிராமம் ஒன்றில் தபால்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 1964இல் பஸ்ஸெரோன் என்பவரோடு சேர்ந்து "வாரிசுகள்" என்ற கருத்துள்ள புஸ்தகமும், 1989இல் "ராஜ்யப் பிரபுக்கள்" என்ற கருத்துள்ள பெரும் புஸ்தகமும் எழுதினார். சாரம் இதுதான்: தகப்பன் சொத்து மகனுக்குப் போனால் வாரிசு என்கிறோம், தகப்பன் வீட்டுப் பேச்சும் பழக்கமும் புஸ்தக அலமாரியும் மகனுக்குப் போய், அதைப் பரீட்சைக்காரர்கள் மார்க்காக மாற்றிக் கொடுத்தால் அதைத் "திறமை" என்கிறோம். பள்ளிக்கூடம் செய்கிற வேலை, பிறவிப் பாக்கியத்தின்மேல் சர்க்கார் முத்திரை குத்திக் கொடுப்பது. பிறவியினாலே உயர்வு என்பதை வேறு வார்த்தையில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நமக்கு இது புதிதல்ல என்றாலும், பாரிசிலிருந்து வந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பவர்களுக்காகச் சொல்லுகிறோம்.

இதில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு சம்பவமும் உண்டு. 1983இல் அந்தத் தேசத்தில் இடதுசாரிச் சர்க்கார் இருந்தபோது, தொழிற்சங்கத்திலும் ஸ்தல ஸ்தாபனங்களிலும் ஜன சங்கங்களிலும் வேலை செய்து அனுபவப்பட்டவர்கள் ஏனாவுக்குள் வர மூன்றாவது வாசல் ஒன்றைச் சட்டம் போட்டுத் திறந்தார்கள். அந்தப் பள்ளியின் பழைய பிள்ளைகள் "தரம் போச்சு, தரம் போச்சு" என்று கிளப்பிய கூச்சல் கொஞ்சமல்ல. 1986இல் சர்க்கார் மாறினதும் அந்த வாசலை மூடினார்கள். 1990இல் வேறு உருவத்தில் மறுபடி திறந்தார்கள். இந்தக் கூச்சலை நாமும் இங்கே கேட்டிருக்கிறோமே என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டியதுதான்.

கடைசியில் 2018 நவம்பரில் எண்ணெய் வரியின் பேரால் மஞ்சள் சட்டைக்காரர் கிளர்ச்சி எழும்பி, "நம்மை ஆள்பவர்களுக்கு நம் வாழ்க்கை தெரியாது" என்ற ஆத்திரம் தெருவுக்கு வந்தது. அந்தப் பள்ளியிலேயே படித்த மாக்ரோன்தான் அதை மூடுவதாக 2019இல் சொன்னார். 2022 ஜனவரி 1 முதல் ஏனாவுக்குப் பதிலாகத் தேசீயப் பொதுச் சேவைக் கழகம் என்று புது ஸ்தாபனம் வந்திருக்கிறது. பலகை மாறினால் மடம் மாறுமா என்பதைக் காலந்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. மூடுவதற்கு முன்னமேயே, 2021இல், வசதியற்ற வீட்டு மாணவர்களுக்கென்று தனி ஆயத்த வகுப்பும் தனி நுழைவும் ஏற்படுத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வித் தாள் என்ற மந்திரத்தை ஜபித்து வந்த தேசமே, 76 வருஷ அனுபவத்தின்மேல் அது போதாது என்று ஒப்புக்கொண்டது.

ஜர்மனியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிர்வாகத்தைச் சர்வகலாசாலைப் பாடமாக்கியதில் அவர்கள் முன்னோடிகள். 1727இல் பிரஷ்ய ராஜா ஹாலேயிலும் ஓடர் நதிக்கரைப் பிராங்பர்ட்டிலும் இதற்கென்று ஆசிரியர் பீடம் போட்டார். ராஜாவின் பொக்கிஷத்தை நிரப்புவது எப்படி என்பதே அந்நாளில் பாடம். பின்னால் சட்டப் படிப்புக்காரர்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டார்கள். 19ம் நூற்றாண்டில் பிரஷ்ய உத்தியோகத்துக்குப் பழகுகிறவன் வருஷக் கணக்காகச் சம்பளமில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை கௌரவமாகப் பிழைக்கச் சொந்தப் பணம் இருக்கிறதென்று காட்டவும் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்த இதைவிடப் பெரிய பூட்டு வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஜர்மனி, 1949இல் தன் அரசியல் சட்டத்தை எழுதும்போது அதன் 36வது பிரிவில் என்ன எழுதிற்று தெரியுமா? மத்திய சர்க்காரின் தலைமைக் காரியாலயங்களில் உள்ள உத்தியோகஸ்தர்களை எல்லா மாகாணங்களிலிருந்தும் தக்க விகிதப்படி எடுக்க வேண்டும் என்று எழுதிற்று. வெபர் பிறந்த தேசத்தின் அரசியல் சட்டத்திலேயே "விகிதம்" என்ற வார்த்தை இருக்கிறது!

விகிதம் என்றதும் முகம் சுளிப்பவர்கள், இன்னும் தெற்கே இத்தாலியின் எல்லையிலுள்ள தென் டிரோல் ஜில்லாவுக்கு நம்மோடு வர வேண்டும். அங்கே ஜனங்களில் பெரும்பாலோர் ஜர்மன் பாஷை பேசுபவர்கள். முதல் மகா யுத்தத்துக்குப் பின் அந்தப் பிரதேசம் இத்தாலிக்குப் போயிற்று. முசோலினி வந்து ஜர்மன் பள்ளிக்கூடங்களை மூடி, உத்தியோகங்களில் எல்லாம் இத்தாலியரையே கொண்டுவந்து நிரப்பினார். முசோலினி ஒழிந்த பிறகும் தபால், ரயில், கோர்ட்டு முதலிய சர்க்கார் இடங்கள் பெரும்பாலும் இத்தாலியர் கையிலேயே இருந்தன. நீண்ட கிளர்ச்சிக்குப்பின் 1972இல் புது சுயாட்சிச் சட்டம் வந்தது. 1976இல் அதன்படி உத்தரவும் பிறந்தது. அதன் ஷரத்து என்னவென்றால், ஜனக்கணக்கில் ஜர்மன், இத்தாலி, லதீன் என்ற மூன்று பாஷைக்காரரும் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த விகிதப்படியே சர்க்கார் உத்தியோகங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதோடு ஜர்மன், இத்தாலி இரண்டும் தெரியும் என்பதற்கும் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். 2011ம் வருஷத்து ஜனக்கணக்கில் ஜர்மன்காரர் நூற்றுக்கு 69, இத்தாலியர் 26, லதீன்காரர் 5க்கும் குறைவு. அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்துக்கும் பங்கு உண்டு. இதனால் அந்த ஜில்லா நிர்வாகம் குட்டிச்சுவராகப் போய்விட்டதா? இல்லை, இத்தாலியிலேயே நன்றாக நடக்கும் இடங்களில் ஒன்றென்று பெயர் வாங்கியிருக்கிறது.

இதை நம் நாட்டுச் சரித்திரத்தோடு வைத்துப் பாருங்கள். 1928 முதல் சென்னை ராஜதானியில் அமலுக்கு வந்த வகுப்புவாரி உத்தரவின்படி 12 ஸ்தானங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1951இல் சுப்ரீம் கோர்ட்டில் அதைக் குப்புறத் தள்ளினார்கள். வழக்குகளில் ஒன்று அதே முனிசீப்பு உத்தியோகத்தைப் பற்றியது! ஜனங்கள் கிளர்ச்சி செய்ததன்மேல் அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இங்கே அக்கிரமம் என்று தள்ளப்பட்ட காரியம் 25 வருஷம் கழித்து ஐரோப்பாவில் நியாயமாகி, இன்றைக்கும் அமலில் இருக்கிறது. ஒப்பியல் நிர்வாகத்தில் ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி வேறு என்ன வேண்டும்?

தென் டிரோல் மாத்திரம் அல்ல. பெல்ஜியத்தில் 1966ம் வருஷத்து மொழிச் சட்டத்தின்படி மத்திய சர்க்காரின் மேல் உத்தியோகங்கள் பிரஞ்சுக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் சரிபாதி. சுவிட்சர்லாந்தில் மத்திய சர்க்கார் ஊழியர்களில் எந்தப் பாஷைக்காரர் நூற்றுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று இலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனத்தொகையில் நூற்றுக்கு அரைப் பங்குகூடச் சரியாக வராத ரோமான்ஷ் பாஷைக்காரரும் அந்தக் கணக்கில் உண்டு.

வட அயர்லாந்தின் கதை இன்னும் விசேஷமானது. அங்கே கத்தோலிக்கர் ஏறக்குறையப் பாதி ஜனங்களாக வளர்ந்துவந்தும், போலீசில் அவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான் இருந்தார்கள். முப்பது வருஷம் ரத்தம் சிந்தின பிறகு, 1999இல் வெளிவந்த பாட்டன் கமிஷன் அறிக்கையின்மேல், 2001 முதல் எடுக்கும் ஆட்களில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று சட்டப்படி எடுத்தார்கள். மதத்தைப் பார்த்து உத்தியோகம்! ஐரோப்பிய யூனியன் 2000ம் வருஷத்தில் உத்தியோகத்தில் பாரபட்சம் கூடாதென்று சட்டம் செய்தபோதும், இந்த ஏற்பாட்டுக்கு மாத்திரம் 15வது பிரிவில் விலக்கு எழுதி வைத்தது. 2011இல் இந்த ஏற்பாட்டை நிறுத்துவதற்குள் கத்தோலிக்கர் நூற்றுக்கு 30 வரை வந்துவிட்டார்கள். நிறுத்தியபின் அடுத்த பத்து வருஷத்தில் ஏதோ இரண்டு மூன்று பேர் ஏறியதோடு சரி.

அங்கெல்லாம் பாஷை, மதம். இங்கே ஜாதியல்லவா என்று சிலர் கேட்கக் கூடும். எதைக் காரணமாக வைத்து ஒருவனை வெளியே தள்ளினார்களோ, அதையே கணக்கில் வைத்துத்தான் அவனை உள்ளே கொண்டுவர முடியும். ஜர்மன் பேசினதற்காகத் தள்ளினார்கள். ஆதலால் ஜர்மன் பேசுபவனுக்குப் பங்கு. இங்கே எதற்காகத் தள்ளினார்கள்? மூக்கு நீளத்துக்காகவா? இந்த ஏற்பாடுகளில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. தென் டிரோலில் தகப்பன் ஒரு பாஷை, தாய் ஒரு பாஷை என்று பிறந்தவர்கள் ஏதாவது ஒரு பட்டியில் நிற்க வேண்டியிருப்பது குறைதான். அந்தக் குறையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்காமலே இருப்பதற்கு என்ன சமாதானம் என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போடக் கொடுப்பது அமெரிக்கரான ரிக்ஸ் என்பவரின் மாதிரிகளை. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களைப் பார்த்து 1964இல் புஸ்தகம் எழுதினவர். அவர் தலைமையில் நடந்த ஒப்பியல் ஆராய்ச்சிக் கூட்டத்துக்குப் போர்டு பவுண்டேஷன் பணம் கொடுத்தது. பட்டைக் கண்ணாடியில் ஒளி புகுந்து ஏழு நிறமாகப் பிரிவதுபோல, மேனாட்டுச் சமுதாயம் நன்றாகப் பிரிந்து தெளிந்துவிட்டதென்றும், நம்மைப் போன்றவர்கள் இன்னும் கண்ணாடிக்குள்ளேயே அகப்பட்டுக் கிடக்கிறார்கள் என்றும், உறவுக்காரனுக்கு உத்தியோகம் கொடுப்பது முதலிய காரியங்கள் இந்த நடு நிலைக்கே உரியவை என்றும் அவர் சொன்னார். நம் கச்சேரிகளில் நடப்பதைப் பற்றி அவர் சொன்னதில் பொய் குறைவு. ஆனால் பாரிசில் மடத்துக்காரர் மகன் மடத்துக்கே போய்ச் சேர்ந்தது எந்த நிலைக்கு உரியதென்பதைப் பார்க்க அந்தக் கண்ணாடியில் இடமில்லை.

ஐரோப்பாவையே எடுத்துவிட்டு நம் சொந்தச் சரக்கை வைப்போம் என்று புறப்பட்டிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்களுடைய சொந்தச் சரக்கு சாணக்கியனின் அர்த்தசாஸ்திரம். யூனியன் கமிஷனின் இரண்டாம் தாளில் அது ஏற்கனவே இருக்கிறது. பல நூற்றாண்டாக ஏட்டையே காணாமல், 1905இல் மைசூரில் சாம சாஸ்திரி கைக்குக் கிடைத்து, 1909இல் அச்சான புஸ்தகம் அது. அதற்கு முன்னிருந்த தாசில்தார்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டா நிர்வாகம் செய்தார்கள்? ஏசினவனுக்கு அபராதம் விதிப்பதில்கூட ஏசினவன் எந்த வர்ணம், ஏச்சு வாங்கினவன் எந்த வர்ணம் என்று பார்க்கிற சாஸ்திரத்தை, சரித்திரமென்று படிப்பதானால் படிக்கட்டும். வழிகாட்டியென்று படிப்பதானால், முழு ஐரோப்பாவை மறைப்பவர்களுக்கும் இவர்களுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை.

இந்தப் படிப்பின் பலன் காகிதத்தோடு நிற்பதாயிருந்தால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் ஜாயிண்ட் செக்ரட்டரி முதலிய 45 பெரிய உத்தியோகங்களுக்கு, பக்கவாட்டு நுழைவென்று பேர் வைத்து, இடஒதுக்கீடு இல்லாமல் வெளியிலிருந்து நேரே ஆள் எடுக்க விளம்பரம் செய்தார்கள். மேனாட்டு வழக்கம் இது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, மூன்று நாளில் விளம்பரத்தை வாபஸ் வாங்கினார்கள். அந்த மூன்று நாளும் மேனாட்டைக் காட்டிப் பேசினவர்களிடம், எந்த மேனாடு என்று திருப்பிக் கேட்க நமக்கு எத்தனை ஆட்கள் தயாராயிருந்தார்கள்? ஐரோப்பிய யூனியனின் சொந்தக் காரியாலயங்களிலேயே, ஆள் எடுப்பது கூடியமட்டும் எல்லாத் தேசத்தாருக்கும் பரவலாக இருக்க வேண்டும் என்று ஊழியர் விதியின் 27வது பிரிவு சொல்லுகிறது. அங்கே பரீட்சையை இங்கிலீஷ், பிரஞ்சு, ஜர்மன் என்ற மூன்று பாஷைக்குள் அடைத்ததற்காக இத்தாலி வழக்குப் போட்டு, 2012இல் ஜெயித்தும் இருக்கிறது. இது தெரிந்த பிள்ளைகள் நூறு பேர் இருந்திருந்தால், பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கும்.

ஆகவே பாடக் கமிட்டிகளில் இருக்கும் நண்பர்களையும், காலேஜுகளில் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. வெபர் இருக்கட்டும், அவர் பட்டத்தைப் பற்றி எழுதினதும் கூட இருக்கட்டும். 1854ம் வருஷத்து அறிக்கை இருக்கட்டும். கிளாட்ஸ்டன் கடிதமும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். ஏனாவோடு பூர்தியேயும், ஜர்மன் சட்டத்தின் 36வது பிரிவும், தென் டிரோலின் 1976ம் வருஷத்து உத்தரவும், வட அயர்லாந்தின் பத்து வருஷக் கணக்கும், 1951ம் வருஷத்து முனிசீப்பு வழக்கும் பாடத்தில் சேரட்டும். இவ்வளவையும் தமிழில் எழுதினால் ஐம்பது பக்கத்துக்குமேல் போகாது. எழுத முன்வருகிறவர்கள் அடுத்த கல்வி வருஷம் துவங்குமுன் எழுதிக் கொடுத்தால், மாணவர் கையில் குறைந்த விலைக்குச் சேரும்படி செய்வது ஒரு பெரிய காரியமல்ல.